ஆடு மேயாத வெயில்

அன்று காலை எட்டேகால் மணிக்கு பாப்பாரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சூரியன் நிலா மாதிரி வெளிறிக் கிடந்தது. மேற்கே எப்போதும் தெரியும் மலை வரிசையைக் காணவே இல்லை. பால் கலந்த தண்ணீர் போல ஒரு மூட்டம், அடிவானத்திலிருந்து உச்சி வரை. "நல்லதாப் போச்சு அத்தை, வெயிலே இல்ல" என்றான் அண்ணன் மகன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மாசி முடிய இன்னும் ஐந்தாறு நாள் இருந்தது. எங்கள் தருமபுரிப் பக்கம் மாசியில் விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வோம். அந்த வாரம் இரவிலேயே ஃபேன் ஓடியது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இந்தப் பக்கம் வயல்வெளியில் நடக்கப் போகிற யாருக்காவது பயன்படட்டும்.

பையனுக்கு இருபத்திரண்டு வயது. பெங்களூரில் ஐ.டி. வேலை. ஒரு வாரம் லீவில் வந்திருந்தான். அவன் பாட்டி பிறந்த ஊரையும், ஏரியையும், சின்ன வயதில் நாங்கள் நடந்த வண்டித்தடத்தையும் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் வரும் சுற்று. தை மாதத்தில் பலமுறை நடந்திருக்கிறேன், மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட். அவன் டீ மட்டும் குடித்திருந்தான். "நான் டெய்லி ஜிம் போறேன் அத்தை, எனக்கென்ன" என்று வேறு சொன்னான்.

முதலில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்துக்குப் போனோம். நான் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள், பாப்பாரப்பட்டிக்கு வந்துவிட்டு அங்கே போகாமல் இருக்க முடியாது. 1908ல் வ.உ.சி.யோடு கைதானவர். சிறையில் தொழுநோய் தொற்றியது. அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று அரசாங்கம் தடுத்தபிறகு, ஊர் ஊராகக் கால்நடையாகவே போய்ப் பேசினார். பாரத ஆசிரமம் அமைத்தது இந்த ஊரில்தான். அவர் கனவு கண்ட பாரதமாதா கோயிலுக்கு 1923ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா காலமானதும் இங்கேதான். புண்ணான காலோடு நடந்தார் என்று நான் சொன்னபோது பையன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்த வெயில்லயா அத்தை?" என்றான். வெயில் இல்லை என்று சொன்னவன்தான். அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

மூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் இங்கே பார்ப்பது பனிமூட்டம் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகள் இலையுதிர் காடுகள். தை முடிவதற்குள் சருகு கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். அதனால்தான் வனத்துறையினர் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். அப்படியும் எங்காவது பற்றிக்கொள்கிறது. ஒரு பக்கம் கரும்புச் சோகை கொளுத்துவார்கள், இன்னொரு பக்கம் அறுத்த வயலின் தட்டையைக் கொளுத்துவார்கள், ரோட்டுப் புழுதி வேறு. காற்று வீசினால் எல்லாம் கலைந்துவிடும். காற்று அசையாத நாளில், கீழே குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று மூடி போட்டது மாதிரி நின்றுவிடும்போது, புகையும் தூசும் மேலே போக வழியில்லாமல் நம் தலைக்கு மேலேயே தேங்குகிறது. ஒரு கோடை மழை பெய்யும்வரை அப்படித்தான்.

இந்த மூட்டம் வெயிலைத் தடுக்காது. வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அவ்வளவுதான். மேலேயிருந்து மட்டும் வரவேண்டிய வெளிச்சம் நாலாபக்கத்திலிருந்தும் வருகிறது. கண் கூசுகிறது, நெற்றி வலிக்கிறது, ஆனால் வெயில் அடிக்கிற உணர்வே இல்லை. நிழலும் தெளிவாக விழாது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தன் நிழலைக் காலால் அளந்து நேரம் சொல்வார்கள். நிழல் உன்னைவிடக் குட்டையானால் வீட்டுக்கு வந்துவிடு என்பார்கள். அன்று என் நிழல் தரையில் ஒரு கறை மாதிரி இருந்தது, குட்டையா நெட்டையா என்று தெரியவில்லை. நான் நம்பிப் பழகிய கடிகாரம் அன்று ஓடவில்லை.

வண்டித்தடத்தில் இறங்கினோம். தை மாதத்தில் கொள்ளும் அவரையுமாக இருந்த நிலமெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. கிணற்றுப் பாசனம் உள்ள இடத்தில் மட்டும் மல்பெரியும் தக்காளியும். மரவள்ளி பிடுங்கிய காட்டில் குச்சிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் நாலைந்து பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்கும் வேலை. இந்த மாதங்களில் எங்கள் பக்கத்து வாசல்களில் கேட்கும் சத்தமே அதுதான். அவர்கள் உள்ளே நிழலில் இருந்தார்கள் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வழக்கமாக வாசலில் இருக்கும் இலந்தை மரத்தடியில்தான் உட்காருவார்கள்.

கரட்டோரம், அதாவது சின்னப் பாறைக்குன்றின் ஓரம், ஒரு புரச மரம் இலையே இல்லாமல் பூத்து நின்றது. அந்த வெளிறிய வானத்தின்மேல் செம்மஞ்சள் நிறம். சுற்றிலும் இருந்த சீத்தாச் செடிகள் எல்லாம் குச்சிகளாக நின்றன. அந்தச் சுற்றில் அழகாக இருந்தது அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ஏரிக்கரைக்கு முன்னால் வேடியப்பன் கோயில் வரும். கோயில் என்றால் கட்டடம் இல்லை. புளிய மரத்தடியில் ஒரு பலகைக்கல், அதில் வில்லேந்திய வீரன், மஞ்சளும் குங்குமமும் பூசியிருப்பார்கள். எங்கள் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவது வழக்கம். மாட்டு மந்தையைக் கவரப் போனவனுக்கும் மீட்கப் போனவனுக்கும் நட்ட கல். பழைய நடுகற்களில் மந்தையைத் 'தொறு' என்று எழுதியிருப்பார்கள், 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வரும். இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த அரை மணி நேரம்தான் எங்களை உச்சி வெயிலில் கொண்டுபோய் விட்டது. புளிய மரம் அந்தக் கல்லின் ஒரு பக்கத்துக்குத்தான் நிழல் தந்தது. கல்லைப் பார்க்கிற பக்கம் திறந்த வெளி.

அங்கிருந்து ஏரி ஒன்றரை கிலோமீட்டர். பாதி வழியில் அவன் பேச்சு குறைந்தது. நான் கேட்டதற்கு ஒரு நொடி கழித்துப் பதில் வந்தது. நான் அதை ஆர்வம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பின்னால் நடந்து வந்தவன் ஒரு கல்லில் தடுக்கினான், மறுபடியும் தடுக்கினான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று குனிந்து தேய்த்தான். "இன்னும் கொஞ்ச தூரம்தாண்டா, ஏரிக்கரையில உக்காந்துக்கலாம்" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே, எந்த நிழல் கிடைத்தாலும், உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சு குறைவது, பதில் தாமதமாவது, கால் இடறுவது, கெண்டைக்கால் இழுப்பது, தலைவலி, குமட்டல் இவையெல்லாம் உடம்பு சூட்டில் தளர்ந்துவிட்டது என்பதன் அடையாளங்கள். நான் முதலுதவிப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் கோடையில் அக்கினி நட்சத்திரத்தில் நடக்கும் விஷயம் என்று மனதில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

தண்ணீர் விஷயத்திலும் தப்பு செய்தேன். திரும்பி வரும் வழிக்கு வேண்டுமே என்று ஒவ்வொரு வாயாகக் குடித்து மிச்சம் பிடித்தோம். அவன் சுருண்டபோது பாட்டிலில் அரை லிட்டருக்கு மேல் இருந்தது. பாட்டிலில் இருக்கும் தண்ணீர் உடம்புக்கு உதவாது. தாகம் எடுக்கும் முன்பே, கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும். இருப்பு பாதியானதும் திரும்பியிருக்க வேண்டும்.

எங்களை முதலில் பார்த்தது ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி. வரப்பில் நின்ற புங்க மரத்தடியில் இருந்தார். அவருடைய செம்மறிகள், மேச்சேரி ரகம், செம்பழுப்பு நிறம், ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்து வட்டமாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட மேயவில்லை.

"ஏம்மா, ஆடே மேயாம நிக்குது. இந்த நேரத்துல புள்ளய கூட்டிக்கிட்டு எங்க போற?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அவன் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றன. முகம் வெளுத்திருந்தது. முதுகுப் பக்கம் சட்டையில் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் பூத்திருந்தது. வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அதனால் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரியாது. அந்த உப்புக் கோடுகளைப் பார்த்துதான் எனக்குத் தெரிந்தது.

பாட்டி பதறவே இல்லை. "இங்க இழு, புங்க நிழல்ல படுக்க வை" என்றார். மாசி பங்குனியில் மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது புங்கை மட்டும் புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடும், அந்தப் பருவத்தில் வெளியில் நடப்பவர்களுக்கு அதைவிட நல்ல நிழல் கிடையாது. அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, ஷூவையும் கழற்றினோம். காலை ஒரு கல்மேல் தூக்கி வைத்தோம். என் துண்டைப் பாட்டியின் குடத்துத் தண்ணீரில் நனைத்து நான் கழுத்து, அக்குள், நெற்றி என்று மாற்றி மாற்றி வைக்க, அவர் ஒரு புங்கங்கிளையை ஒடித்து விசிறினார். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும். ஈரத்துணியை மட்டும் போர்த்தி விட்டால் அது சூடாகிப் பயனில்லாமல் போகும்.

நான் அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். உன் பேர் என்ன, இது என்ன ஊர், நாம் எப்படி வந்தோம். மெதுவாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னான். அதுதான் எனக்கு உயிர் வந்த நிமிடம். பதில் குழறினால், ஆள் அடையாளம் தெரியாவிட்டால், நினைவு தப்பினால், உடம்பு கொதித்தால் அது வெறும் தளர்ச்சி அல்ல, வெப்பத்தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டிப் போகும் நிலை. உடனே 108க்கு அழைக்க வேண்டும், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

குமட்டல் அடங்கியதும் பாட்டி தூக்குப் போசியைத் திறந்தார். ராகிக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது, உப்புப் போட்டது. "ஒரே மூச்சுல குடிக்காத சாமி, வாய் வாயாக் குடி" என்றார். தண்ணீர், உப்பு, மாவு மூன்றும் அதில் இருக்கின்றன. உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. குடத்துத் தண்ணீரை அவனுக்குக் கொடுக்கும்போது நான் தயங்கியதைக் கவனித்துவிட்டார். "போர் தண்ணி இல்லம்மா, ஒகேனக்கல் தண்ணிதான்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடித் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை விழும், எலும்பு இறுகும். என் தலைமுறையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பதற்கே வெட்கப்பட்டு வாயைப் பொத்தியதைப் பார்த்திருக்கிறேன். ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கிய பிறகுதான் காவிரித் தண்ணீர் இந்த ஊர்களின் குழாய்க்கு வந்தது. மயங்கும் நிலையில் ஒரு செம்பு போர் தண்ணீர் குடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அப்போது யோசிக்காமல் குடிக்க வேண்டும். ஆனால் நடக்கக் கிளம்பும்போது போதுமான தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோவதுதான் சரி. வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று இந்தப் பக்கம் கணக்குப் போடக் கூடாது.

முக்கால் மணி நேரம் கழித்து அவன் எழுந்து உட்கார்ந்தான். போனைப் பார்த்தேன், 37 டிகிரி என்று காட்டியது. மார்ச் முதல் பாதிக்கு அது அதிகம்தான். ஆனால் சமவெளியில் வெயில் 40ஐத் தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சே வரும். ஆகவே எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. சித்திரையில் இதே 37ல் நான் கடைத்தெருவுக்குப் போய் வருவேன், ஒன்றும் ஆகாது. இந்த வித்தியாசம்தான் எனக்குப் புரிய நாளானது.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகிறது. பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அதிகமாக வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பை வீணாக்காது. பனிக்காலம் கழிந்து வரும் முதல் வெயிலில் உடம்புக்கு இது எதுவும் தெரியாது. ஜிம்மில் ஓடுகிற தசை வேறு, வெயில் பழகிய உடம்பு வேறு. அதிலும் அவன் எங்களைவிட உயரத்தில், குளிர்ச்சியான ஊரில், ஏ.சி. அறையில் இருந்து வந்தவன்.

உடம்பு மட்டுமல்ல, ஊரே தயாராக இருக்கவில்லை. பங்குனி சித்திரையில் இதே பாதையில் முக்குக்கு முக்குத் தண்ணீர்ப் பந்தல் இருக்கும், மண்பானையில் மோர் ஊற்றுவார்கள். ரோட்டோரம் கரும்புச் சாறும் நுங்கும் வந்துவிடும். மாசியில் அது ஒன்றும் இல்லை. பருவம் தவறி வந்த வெயிலில் நம்மைக் காப்பாற்ற நாம்தான் இருக்கிறோம். கத்திரி வெயிலைவிட மாசி வெயிலுக்கு நான் இப்போது அதிகம் பயப்படுகிறேன்.

பாட்டியின் பேரன் டி.வி.எஸ். எக்ஸலில் வந்து அவனை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் விட்டான். நான் குடையில்லாத தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். மாலை டாக்டரிடம் காட்டினோம். இரண்டு நாள் வெயிலில் போகக் கூடாது, ஓட்டம் உடற்பயிற்சி எதுவும் வேண்டாம், மூத்திரம் தெளிவாகப் போகும்வரை குடித்துக்கொண்டே இரு என்றார். அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

எனக்கு அன்று இரவு முழுக்கத் தொண்டை கரகரத்தது. அது புகை. துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு நடந்தேன், ஆனால் துணி தூசைத்தான் தடுக்கும், நுண்ணிய புகையைத் தடுக்காது. அதற்கு என்95 முகக்கவசம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மலை தெரியாத நாளில் நடக்கவே போக வேண்டாம்.

அதற்குப் பிறகு நான் கிளம்பும் விதம் மாறிவிட்டது. முதல் நாள் வானிலைத் துறையின் மௌசம் செயலியில் பார்ப்பேன், அதைவிட முக்கியமாக இரவு எப்படி இருந்தது என்று பார்ப்பேன். இரவு தணியவில்லை என்றால் உடம்பு ஓய்வெடுக்கவில்லை. கிளம்பினால் விடியும் முன் கிளம்புவேன், ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவேன், வழியும் பாதியாகக் குறைத்துவிடுவேன். ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கில் தண்ணீர். பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதில் எவ்வளவு தண்ணீருக்கு என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும், ஒரு லிட்டருக்கானதும் இருக்கிறது, ஒரு டம்ளருக்கானதும் இருக்கிறது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெறும் வயிற்றோடு கிளம்புவதில்லை, பழைய சோறும் மோருமாவது உள்ளே போக வேண்டும். தொப்பியைவிடக் குடை மேல். பருத்தித் துண்டு ஒன்று கட்டாயம். பாறைமேல் ஏறும் எண்ணம் இருந்தால் ரப்பர் செருப்பு ஆகாது, எங்கள் கரட்டுப் பாறை பத்து மணிக்கே உள்ளங்காலைச் சுடும். கூட வருபவரோடு பேசிக்கொண்டே நடப்பேன். இது வெறும் துணைக்கு அல்ல. பேச்சு நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

பங்குனி நடுவில் ஒரு ராத்திரி இடியோடு மழை அடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான், அந்தச் சுற்றை முடிக்க வேண்டும் என்று. சனிக்கிழமை இரவே பாப்பாரப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஐந்தே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினோம். மேற்கே மலை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அன்று அங்கே மலை இருந்தது என்றே அவனுக்குத் தெரியாது. வேடியப்பனைக் கும்பிட்டுவிட்டு நிற்காமல் நடந்தோம். மாந்தோப்பில் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தன. பாட்டிக்கு என்று வெற்றிலை பாக்கும், அவர் பேரனுக்கு இனிப்பும் வாங்கி வைத்திருந்தான். அதே புங்க மரத்தடியில் இருந்தார். வாங்கிக்கொண்டு, "பொழைச்சிக்கிட்டியா சாமி" என்று அவன் கன்னத்தைத் தடவினார்.

மணி எட்டரை. ஏரிக்கரைக்கு இன்னும் போகலாமா, திரும்பிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவன் வானத்தைப் பார்க்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பரவி நின்ற மந்தையைப் பார்த்தான்.

"இன்னும் மேயுது அத்தை" என்றான்.

நடந்தோம்.